தாது வருடப் பஞ்சத்தில் பிரிந்த படியாள் குடும்பம்: பதிவேடுகளும் டி.என்.ஏ. சோதனையும் எதுவரை உதவும்?

வத்தல்மலை அடிவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில், வத்தல்மலை அடிவாரத்தில் உள்ள சிற்றூர் ஒன்று எங்கள் பூர்வீகம். என் தாத்தா காலம் வரை குறைந்தது மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டின் பண்ணையத்தில் படியாட்களாக (கடனுக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் பண்ணை ஆட்களாக) இருந்தார்கள். அவர்களுடைய வரலாற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் தந்தையின் நெடுநாள் விருப்பம். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அதைச் செய்து முடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் எழுத்தாக இருப்பது ஒரே ஒரு முத்திரைத்தாள்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த தாள். 1924ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ‘கரியான் மகன் முனியன், வயது 30’ என்று தொடங்குகிறது. தம்பியின் கலியாணச் செலவுக்காக 40 ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொண்டு, அசல் தீரும் வரையில் வட்டிக்கு ஈடாகத் தானும் தன் பெண்சாதியும் பண்ணையத்தில் வேலை செய்து வருவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார். பெண்சாதியின் பெயர் எங்கும் இல்லை. அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை, மை பரவிக் கறுத்துப்போய் இருக்கிறது. இரண்டு சாட்சிகள், பத்திரம் எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. பின்புறத்தில் ஊதா நிறத்தில் மங்கிய முத்திரை ஒன்றும் சில எண்களும் உள்ளன. இந்த முனியன் என் கொள்ளுத்தாத்தா.

அவருடைய தந்தை கரியானுக்குக் காத்தான் என்று ஓர் அண்ணன் இருந்தாராம். தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) ஊரைவிட்டுச் சென்னைப்பட்டணம் வரை நடந்தே போய், அங்கிருந்து ‘நெட்டாலுக்கு’ (தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு) கப்பலேறினார் என்று வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை.

பெங்களூரில் வேலை செய்யும் என் அக்கா மகன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் எச்சில் மாதிரி கொடுத்து டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து அம்மையார் ஒருவரோடு 28 சென்டிமார்கன் (பொதுவான மரபணுத் துண்டுகளின் நீள அளவு) பொருந்துவதாகவும், மூன்று முதல் ஐந்து தலைமுறைக்கு முந்தைய உறவாக இருக்கலாம் என்றும் முடிவு வந்திருக்கிறது. அந்த அம்மையாரின் குடும்பப் பெயர் முனுசாமி. தம் முன்னோர் ‘சேலம் ஜில்லா’ என்பது மட்டும் அவருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். இவர் காத்தானின் வழி வந்தவர்தானா? அவருக்குப் பதில் எழுதுவதற்கு முன் நான் எங்கெங்கே, எதை எதைத் தேட வேண்டும்? என் தாத்தாவின் தங்கை பென்னாகரம் பக்கத்தில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் வயது.

அரூர், வருவாய்த்துறை ஓய்வு (பதில்)

ஐயா, வணக்கம். உங்கள் முத்திரைத்தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

அது முனியன் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும், அதைப் பாதுகாத்து வைக்க வேண்டிய தேவை கடன் கொடுத்தவருக்குத்தான் இருந்தது. கடன் பத்திரம் கடன்பட்டவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், கணக்குத் தீர்ந்து திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு அது செல்லாக் காகிதமாகிக் கைமாறியிருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைப் பின்புறம் சொல்லிவிடும். பாக்கியில் எவ்வளவு கழிந்தது என்பதைப் பத்திரத்தின் முதுகில் தேதி போட்டு வரவு எழுதும் பழக்கம் உண்டு. நல்ல வெயில் வெளிச்சத்தில் சாய்வாக வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.

ஊதா முத்திரை சார்பதிவாளர் அலுவலகத்துடையதாக இருந்தால், நீங்கள் பார்க்கும் எண்களில் ஒன்று ஆவண எண், மற்றொன்று புத்தக எண். நிலம் பற்றிய ஆவணங்கள் முதல் புத்தகத்தில் ஏறும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். இத்தகைய தனிக்கடன் பத்திரங்கள் நான்காம் புத்தகத்தில் ஏறும். முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மனுக் கொடுத்துப் பார்க்கலாம். நான்காம் புத்தகத்தின் நகலைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவருக்கும், அதன்படி உரிமை கோருபவருக்கும், அவர்களின் பிரதிநிதிகளுக்கும் மட்டுமே கொடுப்பார்கள். ஆகவே முனியனின் வாரிசு என்பதற்கான சான்றோடு போங்கள். இணையத்தில் வில்லங்கம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். அதில் கிடைப்பது அண்மைக் காலத்து விவரம் மட்டுமே. 1924க்குக் கைமுறைத் தேடல்தான் வழி.

இதற்கு அடுத்தபடியாக, பண்ணையக்காரர் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரங்களைத் தேடுங்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலம், கிணறு, மாடு ஆகியவற்றோடு வர வேண்டிய பாக்கிகளையும் யார் யாருக்கு என்று அட்டவணை போட்டு எழுதுவது வழக்கம். படியாளின் பெயர் அந்தப் பாக்கி அட்டவணையில் அகப்படும். அந்தக் கடன் எந்தத் தம்பியின் பங்குக்குப் போயிற்றோ, அந்தத் தம்பியின் பண்ணையத்துக்கு ஆளும் போயிருப்பார். உங்கள் தாத்தாவும் அவர் உடன்பிறந்தவர்களும் வெவ்வேறு ஊர்களில் இருந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று விதித்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அதன் பிறகு நடந்ததெல்லாம் கடன் என்ற பெயரில்தான் நடந்தது. ஆகவே அடிமை என்று தலைப்பிட்ட கோப்பைத் தேடி அலைவதில் பயனில்லை.

உங்கள் தாத்தா 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்பட்டவரா என்பதைத் தந்தையாரிடம் கேளுங்கள். ஆம் என்றால் விடுதலைச் சான்று ஒன்று வழங்கப்பட்டிருக்கும். கடன் தொகை, வேலை செய்த காலம், பண்ணையக்காரரின் பெயர் ஆகியவை விசாரணைக் குறிப்பில் இருக்கும். வீட்டில் அது இல்லையென்றால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்புங்கள். ஊரில் பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு ஒப்படைத்த நிலம்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1892இல் தொடங்கிய அந்த ஒப்படைப்பில் உங்கள் பங்காளிகள் யாருக்கேனும் நிலம் கிடைத்திருந்தால், பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் தந்தை பெயரோடு அவர் பெயர் இருக்கும். படியாட்களின் பெயர் உடைமையாளர் என்ற இடத்தில் எழுதப்பட்ட மிகச் சில பதிவேடுகளில் அது ஒன்று.

தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் பழைய கோப்புகளுக்குச் சேலத்தையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பர்கூர்க்காரன், இப்போது வட கரோலினா (பதில்)

பண்ணையக்காரரின் பத்திரங்களைத் தேடச் சொன்ன அரூர் ஐயாவின் அறிவுரையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நான் வசிக்கும் இந்த மாநிலத்தில் அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடுவதும் இதே வழியில்தான். எங்கள் ஊர் நூலகத்தில் அவர்கள் கூடித் தேடும் கூட்டங்களுக்குப் போய் உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தோர் அனைவரும் விடுதலைக்குப் பின் பெயரோடு எழுதப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அதற்கு முந்தைய 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில் எழுதியிருப்பது உடைமையாளரின் பெயர். அவர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற மூன்று குறிப்புகளோடு ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு வரியாக நிற்பார்கள். ‘35, பெண், கறுப்பு’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘12, ஆண், கறுப்பு’. அதற்குக் கீழே ‘3, பெண், கறுப்பு’. இது ஒரு தாயும் பிள்ளைகளுமா, உறவில்லாத மூவரா என்பதை அந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. ஆகவே உடைமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கு, உயில், விற்பனைச் சீட்டு, அடைமானப் பத்திரம் ஆகியவற்றுக்குப் போகிறார்கள். அங்கே பெயர் இருக்கும். பெயருக்கு எதிரே விலையும் இருக்கும். விடுதலைக்குப் பின் 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகள் பலவற்றில் கணக்கு வைத்தவரின் தாய் தந்தை, உடன்பிறந்தோர், சில வேளைகளில் பழைய உடைமையாளர் பெயர்கூட எழுதப்பட்டிருப்பதால், இரு காலத்தையும் இணைக்கும் சான்றாக அவற்றை மிகவும் மதிக்கிறார்கள்.

டி.என்.ஏ. எதைச் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு ஜெஃபர்சன் குடும்பத்துச் செய்தியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண் இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தை என்று அவர் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் செய்தித்தாள் ஒன்றில் சொன்னார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏற்கவில்லை. 1998இல் வெளியான சோதனையில், சாலியின் இளைய மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசின் ஒய் குரோமோசோம் (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குவது) ஜெஃபர்சனின் சித்தப்பா பெரியப்பா வழி ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோமோடு பொருந்தியது. தந்தை என்று அதுவரை சொல்லப்பட்டுவந்த ஜெஃபர்சனின் சகோதரி மக்களுடைய வழியோடு அது பொருந்தவில்லை. ஆனால் ‘ஜெஃபர்சன் வழி ஆண் ஒருவர்’ என்பதோடு சோதனை நின்றுவிட்டது. அவர் தாமஸ்தான் என்ற முடிவுக்கு ஆய்வாளர்களைக் கொண்டுபோனவை ஏடுகள்: சாலியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறப்பதற்கு ஒன்பது மாதத்துக்கு முன் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில்தான் இருந்தார் என்பதை அவருடைய நாட்குறிப்புகளும் கணக்கேடுகளும் காட்டின.

அதே சோதனையில், தாங்களும் ஜெஃபர்சன் வழி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த உட்சன் குடும்பத்தாருக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. வாய்மொழி ஒரு வீட்டில் மெய்யாயிற்று, மற்றொரு வீட்டில் ஆகவில்லை. காத்தானைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வதை நான் நம்புகிறேன். இருந்தாலும் தாளில் தேடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடிமைகளாக இருந்த பெண்களுக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. இங்கே எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களின் ஆண்வழி, சோதனையில் ஐரோப்பிய வழியாக வருகிறது. படியாள் குடும்பங்களிலும் பண்ணையக்காரர் வீட்டோடு பொருத்தம் வர வாய்ப்பு உண்டு. தந்தையாரும் பென்னாகரத்துப் பாட்டியும் அதைத் தாங்கிக்கொள்வார்களா என்பதை மாதிரி கொடுக்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வத்தல்மலை அடிவாரம்

இருவருக்கும் நன்றி. பின்புறத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். முத்திரை சார்பதிவாளருடையதுதான், ஆவண எண்ணைப் படிக்க முடிகிறது. மூன்று இடங்களில் வரவு எழுதியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து 11 ரூபாய். பாக்கி 29 ரூபாய் கழிந்ததற்கான குறிப்பு இல்லை. தாத்தாவுக்குச் சான்று ஏதும் கிடைத்ததா என்பது தந்தைக்கு நினைவில்லை, மனு அனுப்புகிறேன்.

டி.என்.ஏ. பற்றி ஒரு விவரத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் தாய்மாமன் மகனுக்கு. அதாவது சோதனை செய்துகொண்ட பையனுக்கு அப்பா வழியும் எங்கள் அம்மா வழியும் ஒன்றுதான். இது முடிவை மாற்றுமா? என் அம்மாவின் தாயும் அவர் கணவருக்கு அக்கா மகள் முறை என்று கேள்வி.

ஓசூர் ஆசிரியை (பதில்)

நிச்சயம் மாற்றும். உங்கள் கேள்வியிலேயே இதுதான் முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். கல்லூரியில் மரபியல் கற்பிக்கிறேன். அந்த அளவில் விளக்குகிறேன்.

பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி மரபணு வருகிறது. அந்தக் கணக்கில் எள்ளுத்தாத்தா ஒருவரிடமிருந்து வருவது ஏறத்தாழ 6 சதவீதம். காத்தானின் எள்ளுப்பேரன் எள்ளுப்பேத்தியாக டர்பனில் ஒருவர் இருந்தால், அவருக்கும் கரியானின் எள்ளுப்பேரனாகிய உங்களுக்கும் பொதுவான மூதாதையர் அந்தச் சகோதரர்களின் தாய் தந்தையர். இவ்வளவு தொலைவில் உள்ள உறவினர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோதனையில் தெரியும் அளவுக்கு ஒரு துண்டுகூடப் பொதுவாக இராது. உங்கள் அக்கா மகன் இன்னும் ஒரு தலைமுறை கீழே இருக்கிறான்.

நிறுவனங்கள் உறவை மதிப்பிடுவது பெரும்பாலும் உறவுக்குள் மணம் செய்யாத மக்களின் அளவுகளை வைத்து. நம்மிலோ மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறைதோறும் உள்ளேயே மணம் நடந்துவந்திருக்கிறது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு சாதிக்குள்ளும் பல நூற்றாண்டாகக் கொள்வினை கொடுப்பினை நடந்துவந்திருக்கிறது. ஒரே மூதாதையரின் மரபணு பல வழிகளில் வந்து ஒருவரிடம் சேர்ந்துவிடுவதால், பத்துத் தலைமுறைக்கு முந்தைய தொலைதூர உறவுகூட நான்கு தலைமுறை உறவு போலக் காட்சி தரும். கிணற்றில் பல ஊற்று ஒரே நேரத்தில் சுரக்கும்போது எந்த ஊற்றின் நீர் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததைப் போன்றது இது. அதனால் 28 என்ற மொத்தத்தைவிட அது எத்தனை துண்டாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரே நீளமான துண்டாக இருந்தால் மதிக்கத்தக்கது. ஏழு, எட்டு அளவில் சிறு துண்டுகள் மூன்று நான்கு சேர்ந்து 28 ஆகியிருந்தால், அதை வைத்து எந்த உறவையும் கூற நான் துணிய மாட்டேன்.

அடுத்து, அந்தப் பொருத்தம் எந்த வழியில் வந்தது என்பது தெரிய வேண்டும். பையனின் தாய் வழியாக வந்திருந்தாலும் அது உங்கள் தந்தை பக்கமா, தாய் பக்கமா என்று தெரியாது. தந்தை வழியாக வந்திருந்தால் உங்கள் தாய் பக்கமாகவும் இருக்கக்கூடும். இந்தச் சிக்கலை ஒரே சோதனையில் அவிழ்க்கக் கூடியவர் பென்னாகரத்தில் இருக்கும் உங்கள் தாத்தாவின் தங்கைதான். அவர் முனியனின் மகள், கரியானின் பேத்தி. உங்கள் தாய்வழிக் கலப்பு அவரிடம் இல்லை. காத்தானின் பேரப்பிள்ளைகள் யாரேனும் டர்பனில் இன்னும் இருந்தால், அவர்களுக்கும் இந்தப் பாட்டிக்கும் இடையே ஏறத்தாழ 3 சதவீதம் பொதுவாக இருக்கும். அந்த அளவு உறவு சோதனையில் தப்பாது. இளைஞர்கள் ஆர்வத்தில் சோதனை செய்துகொள்கிறார்கள். வீட்டில் முதலில் மாதிரி எடுக்க வேண்டியவர் மூத்தவரே. அவர் காலத்துக்குப் பிறகு இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமில்லாமல் இறங்கிவருவது. உங்கள் தந்தை கரியானின் நேர் ஆண்வழி. டர்பன் அம்மையாரின் அண்ணனோ தம்பியோ தந்தை வழியில் இடையறாமல் காத்தானின் ஆண்வழியாக இருந்தால், இருவருடைய ஒய் குரோமோசோமும் பொருந்த வேண்டும். நம் குலதெய்வ வழிபாடும் இதே ஆண்வழியில்தான் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே குலதெய்வத்துக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கும் பங்காளிகள் ஒரே ஒய் குரோமோசோமைக் கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. கோயில் வரி நோட்டு ஊரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆண்வழிப் பங்காளிகளின் பட்டியலாகவே அது பயன்படும்.

காவேரிப்பட்டணம், கப்பல் பதிவுகள் (பதில்)

எங்கள் குடும்பத்திலும் நெட்டாலுக்குப் போனவர் உண்டு என்பதால் அந்தப் பதிவேடுகளை எனக்கு ஓரளவு தெரியும்.

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனில் போய் நின்றது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் சென்றார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். 1866 முதல் 1874 வரை ஆளனுப்புவது நின்றிருந்தது. பிறகு மீண்டும் தொடங்கியது. தாது வருடப் பஞ்சம் 1876-78இல் வந்தது. 1871இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்துபோனது. காத்தான் அந்த ஆண்டுகளில் கப்பலேறினார் என்ற உங்கள் வீட்டுச் செய்தி காலக்கணக்கோடு பொருந்துகிறது.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதற்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று எழுதினார்கள். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் வழியாகவும் தேடலாம். கேட்டதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் கிருஷ்ணகிரியைக் கிஸ்ட்னகெரி ஆக்கினார்கள். தருமபுரியைத் தர்மபூரி, தரம்பூரி என்று பலவாறாக எழுதினார்கள். காத்தான் என்ற பெயரையும் கத்தன், காதன், கௌதன் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். பெயரைவிடத் தந்தை பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்துவதுதான் முக்கியம். ஆகவே கரியான், காத்தான் இருவரின் தந்தை பெயரைப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு தேடலில் இறங்குங்கள். அந்தப் பெயர் தெரியாவிட்டால், பத்துக் காத்தான்கள் அகப்பட்டாலும் உங்களவர் யார் என்று சொல்ல முடியாது.

முனுசாமி என்ற குடும்பப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அங்கே தந்தையின் அல்லது தாத்தாவின் பெயரே பின்னாளில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அவர் வழியில் முனுசாமி என்று ஒருவர் இருந்தார், அவ்வளவே. அம்மையாரிடம் கேட்க வேண்டியது அந்தக் கப்பல் எண்ணை. பழைய திருமணப் பதிவிலோ, பிறப்புப் பதிவிலோ, இறந்தவரின் சொத்துக் கோப்பிலோ அது தொடர்ந்து எழுதப்பட்டு வந்திருக்கும். எண் கிடைத்தால் பதிவேட்டின் அந்த வரிக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரு கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒப்பந்தக் கூலி முறையையும் அடிமை முறையையும் ஒன்றென்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. கரும்புத் தோட்டங்களில் அவர்கள் பட்ட கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் காத்தானின் ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு என்ற எல்லை இருந்தது. முனியனின் பத்திரத்துக்கு ‘அசல் தீரும் வரையில்’ என்பதே எல்லை. ஐம்பது ஆண்டு கழிந்தும் அது தீரவில்லை. கடல் தாண்டியவருக்கு எண்ணும் ஊரும் தந்தை பெயரும் உடம்புத் தழும்பும்கூட எழுதி வைக்கப்பட்டன. ஊரிலேயே இருந்து உழைத்தவருக்கு 40 ரூபாய்ப் பத்திரம் மட்டுமே மிஞ்சியது. உங்கள் தந்தையார் எழுதப்போகும் வரலாற்றில் இந்த வேறுபாடு இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

வத்தல்மலை அடிவாரம்

பென்னாகரம் போய்ப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். முனியனின் மனைவி, அதாவது அவருடைய தாயின் பெயர் மாதம்மாள் என்று சொன்னார். பத்திரத்தில் ‘பெண்சாதி’ என்று மட்டும் இருந்தவர் அவர். கரியானின் தந்தை பெயர் சடையன் என்றும் உறுதியாகச் சொன்னார். குலதெய்வப் பொங்கலில் அழைக்கும் பெயர்களில் அதுவும் ஒன்றாம். காத்தான் பெயரையும் அந்த வரிசையில் இன்றுவரை அழைக்கிறார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி. எச்சில் மாதிரி கொடுக்கச் சம்மதம் என்கிறார். அதற்கு முன் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

ஓசூர் ஆசிரியை

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் வரிவரியாகச் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகே கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். கணக்கை அவர் பெயரில் திறக்காமல் எழுத்துக் குறியீடு ஒன்றில் திறந்து, நிர்வகிப்பவராக நீங்கள் இருங்கள். ஆராய்ச்சிக்குத் தரவைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் இடத்தில் மறுத்துவிடலாம். 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆகவே முடிவுகள் வந்ததும் மூலத் தரவை இறக்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, மாதிரியை அழிக்கச் சொல்லி எழுதுங்கள். மாதிரி கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு அந்த அரை மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். வயதானவர்களுக்கு எச்சில் குறைவாகச் சுரக்கும் என்பதால், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் முறை உள்ள நிறுவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

காவேரிப்பட்டணம், கப்பல் பதிவுகள்

சடையன் என்ற பெயர் கிடைத்தது பெரிய பேறு. டர்பன் அம்மையாருக்கு எழுதும்போது சடையன், கரியான் பெயர்களை முதல் மடலிலேயே சொல்லிவிடாதீர்கள். அவர் பக்கத்துக் கப்பல் எண்ணையும் அந்த வரியில் உள்ள தந்தை பெயரையும் அவரே எடுத்து அனுப்பட்டும். சடையன் என்ற பெயர் அங்கிருந்து தானாக வந்தால் அதற்குரிய மதிப்பு வேறு. மடலில் உங்கள் ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் எழுதுங்கள்; அவர் வீட்டில் அந்த ஊர்ப் பெயர் சற்றுத் திரிந்த வடிவத்தில் வழங்கிவரக்கூடும்.